தகப்பன் வீட்டில் வாடகைக்கு இருந்தவன்

பிள்ளையாகத் தத்தெடுப்பதைக் குறிக்கும் புத்திரசுவிகாரம் என்ற சொல்லை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது இரவுச் சோற்றுக்காக. புரசைவாக்கத்தில் ஒண்டுக்குடித்தன வீடொன்றில் நாங்கள் இருந்த காலம் அது. சனிக்கிழமை இரவுகளில், மறுநாள் ஓய்வுநாள் பள்ளிக்குரிய மனப்பாட வசனத்தை அப்பாவின் முன் கைகட்டி நின்று ஒப்பித்த பிறகே எனக்குத் தட்டு வைக்கப்படும். அன்றைய வசனம் ரோமர் 8:15. "அந்தப்படி, திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்." ஒன்பது வயதுப் பிள்ளையின் நாக்குக்கு அந்த நீண்ட சொல் வளைந்து கொடுக்கவில்லை. மூன்று முறை தடுமாறி, நான்காம் முறை பிழையில்லாமல் சொல்லி முடித்தபோது ரசம் ஆறிப்போயிருந்தது. பயமில்லாமல் "அப்பா" என்று கூப்பிடுவதைப் பற்றிய வசனத்தை, அப்பாவுக்குப் பயந்துகொண்டே நான் மனப்பாடம் செய்தேன் என்பது உறைக்க எனக்கு ஐம்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஒரு மில்லில் டைம்கீப்பராக வேலை பார்த்தவர் அவர். தாமதமாக வந்தவர்களின் பெயருக்கு எதிரே குறி போடுவது அவருடைய அன்றாட வேலை. அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தபடியே வீட்டுக்கும் வந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை கடவுளைத் தகப்பன் என்று கூப்பிடக் கற்றுக்கொள்ளும்போது, அந்தச் சொல்லுக்குள் தன் வீட்டுத் தகப்பனின் முகத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. பரலோகப் பிதாவும் ஒரு பெரிய டைம்கீப்பர் என்று நான் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

எங்கள் சபை வழக்கப்படி கைக்குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, பதினாறு வயதில் திடப்படுத்தல், அதன்பின் திருவிருந்து. 1981-இல், தட்டச்சில் ஹையர் தேறி, பாரிமுனையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் என்னை ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று இரவு உண்மையாகவே அழுதேன். முன்னால் சென்று முழங்கால்படியிட்டு, அவர்கள் கொடுத்த தீர்மான அட்டையில் கையெழுத்தும் போட்டேன். நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்று முதல் நீ தேவனுடைய பிள்ளை, தேதியை எழுதி வைத்துக்கொள்" என்றார். தேதி, கையெழுத்து, சாட்சி என்பவற்றோடு நாளெல்லாம் புழங்குகிற குமாஸ்தாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், காலிக்கோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதினேன்.

என் தொல்லை அந்த இரவில் தொடங்கவில்லை. அந்த நோட்டில்தான் தொடங்கியது. அன்று நடந்தது பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். "அவருடைய நாமத்தின்மேல் விசுவாசமுள்ளவர்களாய் அவரை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனைபேர்களோ, அத்தனைபேர்களும் தேவனுடைய பிள்ளைகளாகும்படி, அவர்களுக்கு அதிகாரங்கொடுத்தார்" என்று யோவான் 1:12 சொல்வதை நான் நம்பித்தான் முன்னால் போனேன். ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே கட்டம் போட்டுவிட்டேன். வாசித்த அதிகாரங்கள் ஒரு கட்டத்தில், ஜெபித்த நிமிடங்கள் ஒரு கட்டத்தில், தசமபாகம் ஒரு கட்டத்தில், தவறிய நாட்கள் சிவப்பு மையில். வசனம் தந்த அதிகாரத்தைப் பெற்றுக்கொண்ட கையோடு, அதற்கு மாதத் தவணை கட்டவும் ஆரம்பித்தேன்.

"தேவபிள்ளை" என்ற சொல் நம்மிடையே மிகவும் தேய்ந்துபோன நாணயம். மேடையேறுகிறவர் எல்லாரும் "தேவபிள்ளைகளே" என்றுதான் தொடங்குகிறார்கள். பெண் பார்க்கும்போது "பையன் நல்ல தேவபிள்ளை" என்றால் குடிப்பதில்லை என்று அர்த்தம். வேதாகமத்திலோ அந்தச் சொல்லுக்கு இரண்டு தளங்கள் இருக்கின்றன. அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசும்போது, படைக்கப்பட்டவர்கள் என்ற முறையில் மனிதர் அனைவரும் அவருடைய சந்ததியார் என்கிறார். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது அவர் சொல்வது வேறு: வெளியே இருந்த ஒருவரை வீட்டுக்குள் அழைத்து, பெயரும் உரிமையும் கொடுத்து, வாரிசாக்குவது. அதைத்தான் நம் வேதாகமம் சுவிகாரம் என்கிறது. தத்து என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

தத்து என்றால் என்ன என்பது எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் எனக்கு அது விளங்காமல் இருந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

1994-இல் வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஆசிரியத் தம்பதியர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கிறிஸ்தவர்கள். குழந்தை இல்லாததால் ஒரு பெண் குழந்தையை இல்லமொன்றிலிருந்து எடுத்து வளர்த்து வந்தார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு அப்படியொரு சட்டம் அன்று இல்லை. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. என்னும் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெறலாம், அவ்வளவுதான். பாதுகாவலருக்கும் தகப்பனுக்கும் உள்ள தூரம் சட்டத்தில் மிகப் பெரியது. பிள்ளை சட்டப்படி மேஜரானதும் பாதுகாவலரின் பொறுப்பு முடிந்துவிடும். சொத்தில் அவளுக்குத் தானாக வரும் பங்கு எதுவும் இல்லை. சோறு உண்டு, துணி உண்டு, படிப்பு உண்டு. வாரிசுரிமை மட்டும் கிடையாது.

மனுவோடு சேர்க்க வேண்டிய அஃபிடவிட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். பழக்கத்தில் ஓரிடத்தில் "மகள்" என்ற பொருள்பட அடித்துவிட்டேன். சீனியர் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து, மேலே "மைனர்" என்று எழுதினார். திருத்திய பிரதியில் கையெழுத்துப் போட வந்தபோது அந்த ஆசிரியர், பழைய பிரதி மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமி இறங்கி வந்து அவர் முழங்காலைத் தட்டி, "அப்பா, தண்ணி" என்றாள். நாங்கள் மூன்று பேர் அங்கே நின்றுகொண்டிருந்தோம். அலுவலகம், சீனியர், நீதிமன்ற முத்திரைத்தாள், எதுவும் அவள் கண்ணில் படவில்லை. தயவுசெய்து என்று சொல்லவில்லை, காத்திருக்கவும் இல்லை. அவர் கையெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். மை காகிதத்தில் ஊறி ஒரு பொட்டுப் போலப் பரவியது. அந்தப் பக்கத்தை மறுபடியும் அடிக்க வேண்டியிருந்ததால் எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது.

அவர்கள் பிற்பாடு மறுபடியும் வந்து, தங்களுக்கு உள்ளதெல்லாம் அந்தப் பெண்ணுக்கே என்று உயில் எழுதினார்கள். அதையும் நானே அடித்தேன். சட்டம் கொடுக்க மறுத்ததை அவர்கள் உயிலால் கொடுத்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தினரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்த செய்தியைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மைப்பொட்டுத்தான்.

அந்த 1994-ஆம் ஆண்டிலேயே எங்கள் சபையில், காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. பண்டிகை முடிந்ததும் ஏலத்தொகையைக் கூட்டிப் பார்த்ததில் 1,340 ரூபாய் குறைந்தது. இரண்டு இரவுகள் தூங்காமல் கூட்டினேன். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் என் கையிலிருந்து அந்தத் தொகையைப் போட்டு நேர்செய்தேன். அன்றைய என் சம்பளத்தில் அது பெரிய தொகை. பணம் போனது போகட்டும். "கணக்கில் நீ தவறியவன்" என்ற ஒரு வரி எனக்குள் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் என் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, இது அந்தக் கணக்குக்கான தண்டனை என்று நான் நம்பினேன். என் மனைவியிடம்கூடச் சொல்லாத இந்த நம்பிக்கையோடு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், நோட்டில் ஜெப நிமிடங்களைக் கூட்டுவதுமாக ஒரு மாதம் ஓடியது. பிள்ளைக்குக் குணமானதும், ஆண்டவர் பாக்கியை ஏற்றுக்கொண்டார் என்று எழுதி அடியில் கோடு போட்டேன். இன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நாம் பிள்ளைகளா வேலையாட்களா என்பது ஜெபத்தின்போது தெரிவதைவிடக் காய்ச்சல் வரும்போது நன்றாகத் தெரிகிறது. வேலையாள் ஒவ்வொரு இருமலையும் நோட்டீஸ் என்று படிப்பான்.

எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில், மயிலாப்பூரிலிருந்து வரும் மூத்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று விடுப்பு எடுப்பவர். மற்ற நாட்களில் தம்புச் செட்டித் தெரு டீக்கடையில் நாலரை மணிக்குத் தவறாமல் இருப்பார். ஒரு நாள் என்னிடம், "ஏன் சார், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தால் உங்களுக்கு முகம் தெளிய வேண்டாமா? திங்கள்கிழமைதான் அதிகம் வாடியிருக்கிறீர்களே" என்றார். சபையில் எனக்கிருந்த வேலைகளைச் சொன்னேன்: நாற்காலி போடுவது, காணிக்கை எண்ணுவது, பதிவேடு எழுதுவது. அவர் தம் மரபிலிருந்து ஒன்றைச் சொன்னார். சைவத்தில் நான்கு மார்க்கங்கள் உண்டு. அப்பர் உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். அது அடிமையாக இருந்து தொண்டு செய்யும் தாச மார்க்கம். மூன்று வயதுச் சம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் "அம்மே, அப்பா" என்று அழுதார், பால் கிடைத்தது. அது பிள்ளையாக இருக்கும் சற்புத்திர மார்க்கம். தோழமை சுந்தரருடையது, ஞானநெறி மாணிக்கவாசகருடையது. இதைச் சொல்லிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, "தாசனாக இருப்பதில் குறைவொன்றும் இல்லை, சார். அப்பரை யார் குறைவு என்று சொல்ல முடியும்? ஆனால் உங்களைப் பார்த்தால் தாசனாகவும் தெரியவில்லை, கடன்காரர் மாதிரி இருக்கிறீர்கள்" என்றார்.

அவருடைய நெறியும் என் நெறியும் ஒன்று என்று சொல்லி இரண்டையும் குழப்ப நான் விரும்பவில்லை; இரண்டுக்கும் வேறுவேறு அடித்தளங்கள் உண்டு, அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என் சபையில் இத்தனை ஆண்டுகளில் எவரும் என் முகத்தில் படிக்காததை, திருநீறு பூசிய ஒருவர் டீக்கடையில் படித்துவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. கடன்காரர் என்ற சொல் மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

வந்தும் ஒன்றும் மாறவில்லை. இம்மாதிரி அனுபவப் பகிர்வுகளில் ஒரு வாக்கியம் கேட்டதும் வாழ்க்கை திரும்பிவிட்டதாக எழுதுவார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. நோட்டு இரண்டாயிற்று, மூன்றாயிற்று.

2011-இல் என் வலக்கண்ணில் விழித்திரை விலகியது. பார்வையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்குவதுபோல் இருந்தது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டினேன். 1819-இல் தொடங்கிய பழைய மருத்துவமனை அது, என் மாமியாருக்கும் அங்கேதான் கண்புரை எடுத்தார்கள். அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயுக்குமிழி மேல்நோக்கி எழுந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், பத்து நாட்கள் முடிந்தவரை குப்புறவே இருக்கச் சொன்னார்கள். சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தபடி. தூங்கும்போதும் முகம் கீழே. வாசிக்கக் கூடாது. நோட்டில் எழுத வழியே இல்லை. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக என் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. வெளியே பார்ப்பவருக்கு நான் சாஷ்டாங்கமாக விழுந்து ஜெபிப்பதுபோல் தெரிந்திருக்கும். உள்ளே ஒரு ஜெபமும் வரவில்லை. தலையணை உறையின் வாடையும், கழுத்து வலியும், தரையில் ஊர்ந்துபோன எறும்பு வரிசையும்தான் இருந்தன. வேலை செய்ய முடியாத வேலையாளை எஜமான் எத்தனை நாள் வைத்துக்கொள்வார் என்ற கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

என் மகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பத்து நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானம் அவள் மருந்து போட்டு முடித்ததும், "உனக்கு ரொம்பச் சிரமம் கொடுக்கிறேன், ரொம்ப நன்றிம்மா, எழுந்ததும் இதுக்கெல்லாம் ஏதாவது செஞ்சிடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகியபடியே, "ஏம்ப்பா, உங்க சொந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிற மாதிரியே பேசறீங்க?" என்று கேட்டாள். குரல் கோபமாக இருந்தது. அழுதாளா என்பது தெரியவில்லை, எனக்கு அவள் கால்கள் மட்டுமே தெரிந்தன.

அவள் அடுக்களைக்குப் போன பிறகு வெகுநேரம் அப்படியே கிடந்தேன். முழங்காலைத் தட்டித் தண்ணீர் கேட்ட அந்தச் சிறுமி ஞாபகத்துக்கு வந்தாள். சட்டத்தின் பார்வையில் வெறும் வார்டாக, பாதுகாவலரின் பொறுப்பில் உள்ள மைனராக மட்டும் இருந்த அவள் மகளாக நடந்துகொண்டாள். எல்லா உரிமையும் கிடைத்துவிட்டது என்று தேதியோடு எழுதி வைத்திருந்த நான் வார்டாக வாழ்ந்திருக்கிறேன். அன்று நான் "அப்பா" என்று சொன்னேன். ஆண்டவரே, கர்த்தாவே, சர்வவல்ல பிதாவே என்றெல்லாம் ஆயிரக்கணக்கான முறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும், வேறெதுவும் சேர்க்காமல், அதுவரை சொன்னதில்லை. தண்ணீர் கேட்கும் குரலில் சொன்னேன். வெளிச்சமோ சிலிர்ப்போ இல்லை. அசதியாக இருந்தது, தூங்கிப்போனேன். பயமில்லாமல் தூங்கினேன் என்பதை எழுந்த பிறகுதான் கவனித்தேன்.

தமிழில் வேதம் வாசிப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இயேசு பேசிய அரமேயு மொழியில் தகப்பனைக் கூப்பிடும் சொல் நம் காதுக்கு ஏறத்தாழ "அப்பா" என்றே விழும். புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில், மாற்கு 14:36-இலும், ரோமர் 8:15-இலும், கலாத்தியர் 4:6-இலும், கிரேக்கத்தில் எழுதியவர்களே அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மற்றப் பல மொழிக்காரர்களுக்கு அது விளக்கம் வேண்டும் சொல். நமக்கு வீட்டுச் சொல். அது மழலைச் சொல் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. அப்படியல்ல, வளர்ந்த மகனும் தகப்பனை அப்படித்தான் அழைத்தான், நம் வீடுகளில் ஐம்பது வயதுக்காரர் அழைப்பதுபோல. கெத்செமனே தோட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன இயேசு சாவை எதிர்நோக்கி நின்றவர். குழந்தைத்தனம் அதில் கொஞ்சமும் இல்லை. இதோடு இன்னொன்று: ஜெபத்தில் நாம் கடவுளை "நீர்" என்கிறோம். திருநெல்வேலியில் என் பாட்டி பக்கத்து வீட்டாரையே "நீர்" என்பார். சென்னையில் அந்தச் சொல்லைக் கோயிலுக்கு வெளியே யாரும் சொல்வதில்லை. ஆகவே இங்கே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஜெபமொழியே ஒரு மனு எழுதும் மொழியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நான் இப்போதும் "நீர்" என்றுதான் ஜெபிக்கிறேன், மரியாதையை விடவில்லை. முதல் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

கண் தெளிந்த பிறகு லூக்கா 15-ஆம் அதிகாரத்தை ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு வாசித்தேன். தகப்பனிடம் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட இளைய குமாரன் பன்றிகளின் நடுவே உட்கார்ந்து ஒரு மனுவைத் தயார் செய்கிறான். 19-ஆம் வசனத்தில் அதன் கடைசி வரி, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. வீட்டுக்கு வந்து 21-ஆம் வசனத்தில் அதைத் தகப்பன் முன் வாசிக்கும்போது, அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை. வரைவில் இருந்தது, தாக்கல் செய்ததில் இல்லை. தகப்பன் அதற்குள் ஊழியக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார். நாற்பது பிரசங்கங்களாவது இந்தக் கதைமேல் கேட்டிருப்பேன், இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டதில்லை. நான் முப்பது ஆண்டுகளாகத் தாக்கல் செய்துகொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான். வயலிலிருந்து வந்து கோபித்துக்கொண்டு நிற்கும் மூத்த குமாரனும் அதே வரியைத்தான் வேறுவிதமாகச் சொல்கிறான்: இத்தனை வருஷகாலமாய் உமக்கு ஊழியஞ்செய்தேன் என்கிறான். இளையவனைவிட மூத்தவனிடம்தான் என் சாயல் அதிகம்.

வேதபாட வகுப்பில் எங்கள் ஆயர் ஒருமுறை ரோமர்களின் தத்து வழக்கத்தை விளக்கினார். நம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாகப் பதினைந்து வயது நிறையாத பிள்ளையைத்தான் தத்தெடுக்கலாம்; ரோமில் வளர்ந்த ஆண்களையே பெரும்பாலும் தத்தெடுத்தார்கள். லூக்கா சுவிசேஷத்தில் வரும் ரோமப் பேரரசர் அகுஸ்துராயன், யூலியு சீசரின் உயிலால் மகனானவர், அவர் கி.பி. 4-இல் திபேரியுவைத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆகவே பவுலின் கடிதத்தை ரோமாபுரியில் வாசிக்கக் கேட்டவர்களுக்கு, நடுத்தர வயதில் மகனாவது விந்தையாகத் தோன்றியிருக்காது. எனக்கு இது பெரிய ஆறுதல். இன்னொரு ஆறுதல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்படி நடந்த தத்தை, எடுத்த பெற்றோரும் ரத்து செய்ய முடியாது. தத்துப்போன பிள்ளையும் அதைத் துறந்து பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனையோ மனுக்களில் அந்தப் பிரிவை அடித்திருக்கிறேன், எனக்காக ஒருமுறையும் வாசித்ததில்லை.

நடைமுறையில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் ஜெபிக்க உட்கார்ந்ததும் விண்ணப்பப் பட்டியலை எடுப்பதில்லை. "அப்பா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். பல நாட்கள் ஒன்றும் தோன்றுவதில்லை, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறையும் சத்தம்தான் கேட்கிறது. அப்படிப்பட்ட நாளைச் சிவப்பு மை நாள் என்று எண்ணாமலிருப்பதற்குப் பழக்கம் தேவைப்பட்டது, ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தவறு செய்தால் அன்றே போய்விடுவது இரண்டாவது. முன்பெல்லாம் பொய் சொல்லிவிட்டாலோ மனைவியிடம் கடிந்து பேசிவிட்டாலோ, மூன்று நான்கு நாட்கள் ஜெபிக்காமல் இருந்து, அந்தத் தண்டனைக் காலத்தை முடித்துக்கொண்டு பிறகுதான் முழங்கால்படியிடுவேன். அது தாழ்மை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது நானே எனக்குத் தீர்ப்பு எழுதி நானே நிறைவேற்றிக்கொண்டது. வெந்நீர் காலில் கொட்டிய பிள்ளை தகப்பனிடம் ஓடுமே தவிர, காயம் ஆறட்டும் என்று திண்ணையில் உட்காராது.

எல்லாவற்றையும் தனியாகக் கடவுளிடம் மட்டும் பேசித் தீர்த்துவிடலாம் என்பதும் என் அனுபவத்தில் சரிவரவில்லை. அந்த 1,340 ரூபாய் விஷயத்தைப் பதினேழு ஆண்டுகள் கழித்து ஆயரிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் எடுத்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே பணம் கட்டிவிட்டுப் போனதாக எந்த வருஷமாவது பார்த்திருக்கிறீர்களா? பொங்கல் வரைக்கும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் வருஷத்தில் கணக்கு உடனே நேராகிவிட்டதால், பிறகு வந்ததைப் பொதுக் காணிக்கையில் சேர்த்திருப்பார்கள்" என்றார். இதைத் தெரிந்துகொள்ளப் பதினேழு ஆண்டுகள் தேவையில்லை, பதினேழு நிமிடங்கள் போதுமாயிருந்தது. நம்பிக்கையான ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது என்று இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சபை வேலைகளை நான் விட்டுவிடவில்லை. சிலர் இந்த உண்மை விளங்கியதும் எல்லாப் பொறுப்புகளையும் உதறிவிட்டு, நான் விடுதலையானவன் என்று வீட்டிலிருந்தபடி பிரசங்கம் கேட்கத் தொடங்குகிறார்கள்; வீட்டுப் பிள்ளையும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் இப்போது முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியும். முதன்முதலாக ஒரு ஞாயிறு, நாற்காலி போடாமல், காணிக்கை எண்ணாமல், கடைசி வரிசையில் என் மனைவியின் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தேன். அவள், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

மேடைகளில் கேட்கும் ஒன்றை இங்கே மறுக்காமல் விட முடியவில்லை. நீ ராஜாவின் பிள்ளை, ஆகவே கார், பங்களா, பதவி உயர்வு எல்லாம் உன் சுதந்தரம், கேட்டு வாங்கிக்கொள் என்கிறார்கள். வாரிசுரிமை என்ற பொருளில் சுதந்தரம் என்ற சொல் ரோமர் 8:17-இல் இருக்கிறது, உண்மை. நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே என்று தொடங்குகிற அதே வசனம், கிறிஸ்துவுடனேகூடப் பாடுபட்டால் என்றுதான் முடிகிறது. பாதி வசனத்தை விற்பவர்களிடம் மீதியைக் கேட்டு வாங்க வேண்டும். என் வலக்கண்ணில் பார்வை முழுவதும் திரும்பவில்லை. நேர்கோடுகள் இன்றும் சற்று வளைந்துதான் தெரிகின்றன. அதனால் நான் பிள்ளை அல்ல என்று ஆகிவிடாது, ஆனாலும் என் விசுவாசம் குறைவு என்று சொன்னவர்களும் உண்டு.

என் மகளிடம் மன்னிப்புக் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது நானும் சனிக்கிழமை இரவுகளில் வசனம் கேட்டிருக்கிறேன். தட்டைத் தள்ளி வைக்கவில்லை என்றாலும், அவள் தடுமாறும்போது என் முகம் என்ன சொல்லியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அதைச் சொன்னேன். அவள் கிளிப்புகளைக் கூடையில் போட்டபடி, "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்றாள். பிறகு, "ரோமர் எட்டு பதினஞ்சு நீங்க கேட்டது ஞாபகம் இருக்கு. அந்தப் பெரிய வார்த்தையில நானும் தடுக்கி விழுந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நோட்டுகளை எரித்துவிடலாம் என்று ஒருமுறை நினைத்து, எடுத்தும் வைத்தேன். முதலிரண்டும் பரணில் கிடக்கின்றன. மூன்றாவதில் பாதிக்குமேல் வெற்றுப் பக்கங்கள் இருந்ததால், கட்டம் போட்ட தாள் வீணாக வேண்டாமே என்று என் மனைவி அதை அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதிகாரங்கள் என்று நான் எழுதியிருந்த தலைப்பை அடித்துவிட்டு, பால், தயிர், தண்ணீர் கேன் என்று எழுதியிருக்கிறாள். போன மாதம் இரண்டு நாள் பால் வரவில்லை. அதைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறாள்.